கடலூரில் எலக்ட்ரிக் கார்: வெளியில் சார்ஜ் போடுவது எப்படி?

கடலூரில் எலக்ட்ரிக் கார் ஒத்துவருமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டி நிற்கிற இடத்தில் 15 ஆம்ப் பிளக் போட முடியுமா? முடியும் என்றால் தாராளமாக வாங்கலாம். என்னுடையது பழைய டாடா நெக்ஸான் எலக்ட்ரிக் கார், 30.2 யூனிட் பேட்டரி. சான்றிதழில் 312 கிலோமீட்டர் என்று இருந்தாலும் ஏசி போட்டு நிதானமாக ஓட்டினால் 200ஐ ஒட்டித்தான் வரும். ராத்திரி சொருகிவிட்டுப் படுத்தால் காலையில் ஃபுல். பாண்டிச்சேரி, பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் எல்லாம் போய்த் திரும்புகிற தூரம்தான், வெளி சார்ஜரைத் தேட வேண்டியதே இல்லை.

தேட வேண்டியது சென்னை, கும்பகோணம் என்று கிளம்பும்போது. 2023 மார்ச்சில் மத்திய அரசு மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 வேகச் சார்ஜிங் நிலையங்கள் வைக்க 800 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது, அதனால் சார்ஜர் பெட்டிக்குப் பஞ்சம் குறைந்துகொண்டு வருகிறது. ஆனால் இத்தனை நாள் ஓட்டியதில் எனக்குப் பிடிபட்டது, சார்ஜரின் வேகம் எத்தனை கிலோவாட் என்பதைவிட பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். ஆப்பில் பச்சையாகக் காட்டிய ஒரு சார்ஜரை நம்பி நெடுஞ்சாலையில் போய் நின்றால் திரை எரிகிறது, கன்னை, அதாவது வண்டியில் சொருகும் முனையை, மாட்டினால் எதுவும் நடக்கவில்லை, உதவி எண்ணில் பாட்டுதான் ஓடுகிறது. கடைசியில் பார்த்தால் யாரோ சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை வலப்பக்கம் திருகினால் மேலே எழும்பி வரும், அப்புறம் பெட்டி மறுபடி உயிர்பெற ஓரிரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். இதைத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் போதும். ஆள் இருக்கும் பங்க்கில் பெட்ரோல் வண்டி வந்து இடத்தை அடைத்தாலும் அவரே நகர்த்தச் சொல்லிவிடுகிறார். அதனால் போகும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

60 கிலோவாட் பெட்டியில் இரண்டு கன் இருந்தால், பக்கத்தில் இன்னொரு வண்டி மாட்டியதும் பெரும்பாலும் ஆளுக்கு 30 ஆகிவிடும். 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்குமேல் காத்திருப்பது வீண், பின்னால் நிற்பவருக்கும் இடைஞ்சல்.

சொந்தக்காரர் வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் எர்த் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஓல்டு டவுன் பக்கம் பழைய வீடுகளில் எர்த் இல்லாமல் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி அடம்பிடிக்கும்.

ஸ்கூட்டர்காரர்கள் பாடுதான் கஷ்டம். காருக்கான சிசிஎஸ்2 கன் அவர்களுக்குப் பொருந்தாது. ஏதர் ஸ்கூட்டருக்கான கன் விடா ஸ்கூட்டருக்கும் பொருந்தும், 2023ல் அதையே தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் இந்தியத் தரமாக ஏற்றது. மற்ற பல வண்டிகளுக்குச் சாதாரண பிளக்தான் வேண்டும். வாடகை வீட்டில் மாடியில் இருப்பவர் வயரை எங்கிருந்து இழுப்பார்? மாநகராட்சி பெரிய பெட்டிகளோடு நிறுத்தாமல் பேருந்து நிலையத்திலும் சில்வர் பீச் பார்க்கிங்கிலும் மீட்டரோடு வெறும் 15 ஆம்ப் பிளக் நாலு வைத்தால்கூடப் போதும், அதையும் கூரை போட்டு வைக்க வேண்டும், அந்த உப்புக் காற்றில் திறந்து கிடந்தால் சீக்கிரமே அரித்துப்போகும்.