டெஸ்டரைக் காட்டி "லைன் முழுக்கப் போச்சு" என்று சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஒரு கூரை விளக்கைச் சரிசெய்யப் போய் பணமும் போனது, வீட்டுக்கார அம்மாவிடம் இருந்த நல்ல பெயரும் போனது.

ஹாலில் இருந்தது கூரையோடு ஒட்டிப் பொருத்திய வட்டமான எல்இடி பேனல் லைட், 12 வாட். முதலில் சுவிட்சைப் போட்டுச் சில நொடிகள் கழித்துத்தான் எரிந்தது. அப்புறம் துடிக்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் அடியோடு நின்றுவிட்டது. அதே சுவிட்ச்போர்டில் இருந்த மின்விசிறியும் இன்னொரு விளக்கும் ஒழுங்காக ஓடின. கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. ஒருமுறைகூட விழவில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலே கோளாறு பெரும்பாலும் அந்த விளக்குக்குள்தான் இருக்கும் என்று ஊகித்திருக்கலாம். தாமதமாக எரிவது, துடிப்பது, பிறகு நிற்பது என்பது அதன் டிரைவர் தேய்ந்துபோவதற்கான அடையாளம். டிரைவர் என்றால் பேனலுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டி. வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது அதுதான். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் உலர்ந்து போவது அடிக்கடி நடப்பது. எனக்கு அன்று இதெல்லாம் தெரியாது.

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். ஏணி போட்டு ஏறி பேனலைக் கழற்றினார். சுவிட்சை அணைக்கச் சொன்னார். தொங்கிய வயரில் டெஸ்டரை வைத்து, "மேடம், இங்க பாருங்க" என்றார். சுவிட்ச் அணைந்திருந்தும் டெஸ்டருக்குள் மங்கலாகச் சிவப்பு தெரிந்தது. "ஆஃப்ல இருக்கும்போதே கரண்ட் வருது. உள்ள வயர் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இப்படியே விட்டா தீப்பிடிக்கும். லைன் முழுக்க மாத்தணும், பேனலும் போச்சு."

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. தீப்பிடிக்கும் என்ற சொல்லைக் கேட்ட பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. சரி, செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு போன் போட வேண்டும் என்று தோன்றியது. "அவங்ககிட்ட கேட்டா நாலு நாள் ஆகும், அதுவரைக்கும் ரிஸ்க்" என்றார் அவர். அந்த வார்த்தையில்தான் நான் முழுதாக விழுந்தேன்.

தூசி பறக்கும், குழந்தையோடு உள்ளே இருங்கள் என்றார். இருந்தோம். இரண்டு மணி நேரம் துளை போடும் சத்தம். வெளியே வந்து பார்த்தபோது சுவிட்ச்போர்டிலிருந்து சுவர் வழியாக ஏறி, கூரையின் குறுக்கே வயரை மூடும் வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் ஓடியது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. முன்பைவிட அதிக வெளிச்சம். புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்று மகிழ்ச்சியாகப் பணம் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பழைய பேனல் எங்கே என்று கேட்கவே இல்லை.

மூன்றாவது வாரம், எரிந்துகொண்டிருந்த விளக்கு இருபது நிமிடத்தில் தானாக அணைந்தது. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் எரியும், சூடானதும் மறுபடி அணையும். சில நாளில் அதுவும் இல்லை. அவரை அழைத்தேன். "வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும் மேடம், அதுக்கு நான் என்ன செய்யறது" என்றார். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை.

வேறு ஒரு பெரியவர் வந்து பார்த்தார். வந்ததும் முதலில் எம்.சி.பி.யை இறக்கினார். முன்பு வந்தவர் அதைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேனலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதன் விளிம்பில் நகத்தளவு வெள்ளைப் பெயின்ட் துளி. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்த விளக்கில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே துளி. முன்பு வந்தவர் அதை ஹாலிலிருந்து தெரியாதபடி சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார். புதுப் பேனல் என்று காசு வாங்கிக்கொண்டு பழைய பேனலையே மாட்டியிருக்கிறார். மாற்றியது டிரைவரை மட்டும்.

அந்த டிரைவரும் தவறானது. பேனலின் முதுகில் 300 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. போட்டிருந்த டிரைவரில் 600. இரண்டு மடங்கு மின்னோட்டம் தள்ளினால் விளக்கு அதிகமாகப் பிரகாசிக்கும், அதிகமாகச் சூடாகும், சீக்கிரம் கருகும். நான் மகிழ்ந்த அந்தப் பளிச் வெளிச்சம் இதுதான். எல்இடிகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒன்றில் இணைப்பு விட்டாலே அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். சூட்டில் விரிந்து இணைப்பு விடுவதும் ஆறினால் ஒட்டுவதுமாக அது கடைசிக் காலத்தை ஓட்டியிருக்கிறது.

அடுத்து அவர் செய்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கூரைத் துளைக்குள் வெட்டி விட்டிருந்த பழைய வயரை வெளியே இழுத்தார். அதன் மேலுறையான இன்சுலேஷன் எங்கும் கருகவில்லை, உருகவில்லை. சுவிட்ச்போர்டில் அதை மறுபடி இணைத்து, மேல்முனையில் ஒரு ஹோல்டரைக் கட்டிச் சாதாரணக் குண்டு பல்பை மாட்டினார். சுவிட்சைப் போட்டால் முழு வெளிச்சம், துடிப்பே இல்லை. அணைத்தால் துளி வெளிச்சமும் இல்லை. பல்பைக் கழற்றிவிட்டு டெஸ்டரை வைத்தால் அதே மங்கல் சிவப்பு! ஒரே குழாய்க்குள் பக்கத்தில் மின்சாரமுள்ள வயர் ஓடினால், எதிலும் இணையாமல் தொங்கும் வயரிலும் தூண்டலால் கொஞ்சம் மின்னழுத்தம் வரும், டெஸ்டரின் நியான் விளக்கு எரிய அது போதும், ஒரு குண்டு பல்பை மாட்டினாலே காணாமல் போய்விடும் என்றார். "நியான் டெஸ்டர் கரண்ட் இருக்கான்னு தோராயமா பார்க்கத்தாம்மா. வயர் கெட்டுப்போச்சான்னு அது சொல்லாது." அது தெரியவேண்டுமானால் மெயினை அணைத்துவிட்டு இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவியால் பார்க்க வேண்டுமாம். அதையும் செய்தார். வயரில் ஒரு குறையும் இல்லை.

ஆக, யாராவது டெஸ்டரை மட்டும் காட்டி லைன் முழுவதும் மாற்ற வேண்டும் என்றால், வயரின் முனையில் ஒரு குண்டு பல்பை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்கு முகம் சுளித்தால் அனுப்பிவிடுங்கள். நீங்களாக ஏணியில் ஏறி இதைச் செய்யாதீர்கள், தயவுசெய்து. உண்மையிலேயே வயர் கருகியிருந்தால் வாடை, கருத்த முனை, உருகிய கனெக்டர் என ஏதாவது ஒன்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும், அதைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லலாம். நிஜமாகவே ஆபத்து என்றாலும் அந்த எம்.சி.பி.யை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பதில் ஒன்றும் ஆகாது. அவசரம் என்று முதலில் வந்தவர் சொன்னதற்கு இருந்த பதில் அவ்வளவுதான்.

பழைய பாகங்கள் வீட்டை விட்டுப் போகக் கூடாது. அவை வீட்டுக்காரருடைய பொருள், உங்களுக்கு அதுதான் சாட்சி. மாட்டுவதற்கு முன்பே புதுப் பொருளின் பெட்டியையும் லேபிளையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

எனக்கு அதிகம் வலித்தது பணம் இல்லை. வீட்டுக்கார அம்மா வந்து கேசிங்கைப் பார்த்துவிட்டு நின்றார். கேட்காமல் சுவரில் துளை போடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஆள் அனுப்பியிருப்பேனேம்மா. கூரை லைட்டும் வயரிங்கும் என் பொறுப்புதானே" என்றார். கேசிங்கை எடுத்துத் துளைகளை அடைத்துப் பெயின்ட் அடிக்கும் செலவு அட்வான்ஸில் கழியும். அதை மறுக்க என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. விளக்கு துடிக்க ஆரம்பித்த முதல் நாளே ஒரு வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தால் போதும்.

இப்போது பழைய வயரிலேயே புதுப் பேனல் எரிகிறது, சரியான டிரைவரோடு. பெரியவர் கழற்றிய அந்த 600 டிரைவரையும் பெயின்ட் துளியுள்ள பேனலையும் துண்டுத் தாளோடு சேர்த்து ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் வந்த எலக்ட்ரீஷியனை எங்களுக்கு அனுப்பிவைத்த நண்பர் இந்த வாரம் வருகிறார். முதலில் அவருக்குக் காட்ட வேண்டும். அவர் இன்னும் இரண்டு வீடுகளுக்கு இதே ஆளின் எண்ணைக் கொடுத்திருக்கிறாராம்.