வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு ஒரு சமையல் வகுப்பு

மகன் ஓஎல் பரீட்சை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். எழும்பும் நேரம் பத்தரை. மத்தியானம் நூடில்ஸ், பின்னேரம் ஒழுங்கை முனையில் கொத்து ரொட்டி. எனக்கும் அவனுடைய அப்பாவுக்கும் கொழும்புக் கோட்டையில் வேலை. மாமிக்கு முழங்கால் நோவு, குசினியில் கனநேரம் நிற்க ஏலாது. றிசல்ட் வரும்வரை இப்படியே போனால் சரிவராது என்றுதான் இந்த வகுப்பில் சேர்த்தேன்.

காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில், மாடி வீடு ஒன்றில் நடக்கிறது. நடத்துபவர் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. "பேரைப் போட்டுடாதீங்கோ, இப்பவே இடமில்லை" என்றார். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் எனக்கும் அது வசதி. ஆறு சனிக்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை, சாமான் செலவோடு 9,500 ரூபாய். பத்துப் பிள்ளைகள், எல்லாரும் 13 வயதுக்கு மேல்.

முதல் நாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆளுக்கொரு வெறும் குளிர்பானப் போத்தல் கொண்டுவரச் சொல்லியிருந்தார். 2016இலிருந்து நம் நாட்டில் குளிர்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டம் இருக்கிறதே, அதை வாசிக்கப் பழக்கினார். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே பச்சை, நடுவில் உள்ளதெல்லாம் செம்மஞ்சள். மகன் கொண்டுபோனது செம்மஞ்சள். "சிவப்பில்லைத்தானே" என்று அவனுக்குப் பெருமை. டீச்சர் கணக்குப் போடச் சொன்னாராம்: 100க்கு 10 கிராம், போத்தல் 400 மில்லிலீற்றர், ஆக 40 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் பத்துக் கரண்டி. பத்தையும் எண்ணிக் கண்ணாடிக் குவளையில் போடவைத்தார். அன்று பின்னேரம் வீட்டிலும் அதே வித்தையை எனக்குக் காட்டினான். குவளையில் கால்வாசிக்குச் சீனி. சீனி விற்கிற விலைக்கு எனக்கு இரண்டு பக்கமும் எரிந்தது.

இரண்டாவது வாரம் காலை ஏழு மணிக்கே மீன் வாங்க இறங்கினார்கள். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, விரலால் அமத்தினால் சதை திரும்பி எழும்புகிறதா என்று பார்ப்பது எங்கள் அம்மாமாருக்கும் தெரியும். எனக்குப் புதிதாக இருந்தது சூரை விஷயம். பிடித்த சூரை ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்றொரு பொருள் உண்டாகும்; பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். பத்து வருஷத்துக்கு முன் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் சாப்பாட்டுப் பார்சல் வாங்கிச் சாப்பிட்டு எனக்கு அப்படியே வந்தது. அன்றிலிருந்து "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று கல்யாண வீடுகளிலெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். ஒத்துக்கொள்ளாதது சூரையா, அந்தக் கடைக்காரரின் ஐஸ் பெட்டியா என்று இப்போது யோசிக்கிறேன்.

வகுப்பின் உயிர் என்று நான் சொல்வது மூன்றாவது நாள் பாடத்தை. சோறு. 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகும்; கொழும்பு வெக்கையில் மேசையில் வைத்த சட்டி அதற்கு நடுவிலேயே நிற்கும். சோற்றில் வரும் ஒரு கிருமியின் வித்து அவியும்போதும் சாகாது. சோறு மெதுவாக ஆறும்போது அது முளைத்து நஞ்சு விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே மிச்சச் சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைக்கவேண்டும். டீச்சர் சும்மா சொல்லவில்லை. சட்டிச் சோற்றிலும் தட்டுச் சோற்றிலும் வெப்பமானியைக் குத்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளையே எழுதவைத்தார். கொப்பியைப் பார்த்தேன்: தட்டு 34க்கு இறங்கியபோது சட்டி இன்னும் 61.

வீட்டுக்கு வந்து மாமியிடம் இதை ஒப்பித்தான். "உன்ர டீச்சர் பிறக்க முந்தியே நான் உலை வைச்சனான். அப்ப பழஞ்சோறு திண்டு வளர்ந்த நாங்கள் செத்தே போனனாங்கள்?" என்றார் மாமி. அடுத்த கிழமை அதையே போய்க் கேட்டிருக்கிறான். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்ட சோற்றில் அந்தப் புளிப்பே பல கிருமிகளை அடக்கும், மூடி போட்டு மறந்துபோன சோறு அப்படியில்லை, இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதே என்று பதில் வந்தது. மாமிக்கு அதில் பாதி வெற்றி.

சரி, குறைகள். இரண்டு அடுப்புக்குப் பத்துப் பிள்ளைகள் கூட. கத்தி கைக்கு வருவதற்குள் வெங்காயம் முடிந்துவிடுகிறது. மீன் நாளிலும் கோழி நாளிலும் சைவப் பிள்ளைகள் மூன்று பேர் வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டு இருந்தார்களாம். சைவ வீடுகள் நிறைய உள்ள வெள்ளவத்தையில் வகுப்பு நடத்துகிறவருக்கு இது தெரியாமலா? சத்துப் பாடம் முழுக்கத் திரையில் படம் காட்டுவதோடு போயிற்று. வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் விட்டால் கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு கூடுதலாக எடுக்கும், சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் குறையும் என்பதை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டார். சைவப் பிள்ளைகளுக்கு அதையே ஒரு நாள் பாடமாக வைத்திருக்கலாம்.

எனக்கு மிகவும் உறுத்தியது வேறு. பாத்திரம் கழுவ ஓர் அக்கா நிற்கிறார். பிள்ளைகள் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிறார்கள். பச்சைக் கோழி வெட்டிய பலகையைத் தேய்ப்பது யார், ஈரத் துணியை எங்கே காயப்போடுவது, ஸ்பொஞ்சை எப்போது எறிவது என்பதெல்லாம் அந்த அக்காவோடு நின்றுவிடுகிறது. கோழியின் நடுப்பகுதி 75 பாகையைத் தொட்டதா என்று குத்திப் பார்க்கிற என் மகன், அதே வெப்பமானியைக் கழுவாமல் லாச்சிக்குள் போடுகிறான். டீச்சரிடம் சொன்னேன். "அடுத்த முறை பாப்பம்" என்றார்.

அனுப்பலாமா என்று கேட்டால், சமையல் குறிப்புக்காக என்றால் வேண்டாம். ஆறு வாரத்தில் அவன் உருப்படியாகப் பழகியது பருப்பு, சொதி, முட்டைப் பொரியல், ஒரு மீன்குழம்பு. சாப்பாட்டை நம்பலாமா கூடாதா என்று பார்க்கப் பழகவேண்டும் என்றால் தாராளமாக அனுப்புங்கள். ஒழுங்கைக்குள் வாகனம் நிறுத்த இடமில்லை, காலி வீதியில் இறங்கி நடக்கவேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது கொஞ்சம் கஷ்டம்.

இப்போது எங்கள் பிரிட்ஜில் எல்லாப் பெட்டியிலும் டேப் ஒட்டித் திகதி எழுதியிருக்கிறது. மாமியின் மண்சட்டி மீன்குழம்பு இரவு அடுப்பிலேயே இருந்து, விடிய இடியப்பத்தோடு வரும் வழக்கம் நின்றுபோயிற்று. ஒன்பது மணிக்குப் பேரன் அதைப் பெட்டியில் மாற்றி உள்ளே வைத்துவிடுகிறான். ருசி போய்விட்டது என்று மாமி ஒவ்வொரு நாள் காலையும் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, அவனிடம் சொல்லவில்லை.