நேர்முகத் தேர்வுக்குச் சேலையா, பாஜு கூரோங்கா, பஞ்சாபி சூட்டா, கோட்டா?

எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை முடித்த பெண்ணுக்கு ஆசிரியர் கல்விக் கழகத்திலிருந்து நேர்முகத் தேர்வு அழைப்பு வந்துவிட்டால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் சான்றிதழ் நகலெடுக்கும் வேலைக்கு முன்பே உடுப்புப் பேச்சு தொடங்கிவிடும். தமிழ்மொழிப் பிரிவு என்றால் சேலைதான் என்று பாட்டி நிற்பார். கோட் போட்டால்தான் எடுப்பு என்பாள் ஈப்போவில் வேலை பார்க்கும் அக்கா. நான்கில் எதுவும் தவறான உடை இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு உடுத்தி, மோட்டாரிலும் பேருந்திலும் போய், வரிசையில் காத்திருந்து, கடைசியில் அறைக்குள் நுழையும்போது எது குலையாமல் இருக்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் அழைப்புக் கடிதத்தை எடுத்து 'பாக்காயான்' (மலாயில் உடை) என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரி சொல்வதுதான் சட்டம். மற்ற யோசனைகளெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் முதல் தேர்வு பாஜு கூரோங், அதாவது தளர்வான நீளச் சட்டையும் பாவாடையும் சேர்ந்த மலாய் உடை. அதிலும் பழைய முறைத் தையல். இந்த ஊரில் அது அலுவலக உடையாகவும் பள்ளிக்கூட உடையாகவும் எல்லா இனத்தாருக்கும் பழகிவிட்டது. இடைநிலைப்பள்ளியில் சீருடையாகவே போட்டு வளர்ந்த பிள்ளைகளும் நிறைய. பழகிய உடையில் கை தானாக இயங்கும், அடிக்கடி இழுத்துவிட வேண்டியதில்லை. ஆனால் கடையில் 'மோடன்' (புது முறை) என்று தொங்குவதை அவசரப்பட்டு வாங்காதீர்கள். அதில் மார்பிலும் இடுப்பிலும் பிடிப்புத் தையல் போட்டு, முதுகில் ஜிப் வைத்திருப்பார்கள். கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே மேலே ஏறும். பழைய முறையில் பக்கவாட்டில் பெசாக் என்ற அகலத் துண்டும், அக்குளில் கெக்கெக் என்ற சின்னச் சதுரத் துண்டும் வைத்துத் தைப்பார்கள். அந்தச் சதுரம் இருப்பதால் கை மட்டும் உயரும், சட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். எழுந்து பலகையில் எழுதிக் காட்டச் சொன்னால் அதன் அருமை தெரியும். தையற்காரரிடம் 'கெக்கெக் வைத்துத் தையுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நேரம் மிச்சம் என்று சிலர் விட்டுவிடுவார்கள்.

துணி 45 அங்குல அகலம் என்றால் நான்கு மீட்டர். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைக்க வேண்டும். ஊறாத பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம். 40 அங்குலப் பாவாடை அப்படிச் சுருங்கினால் இரண்டு அங்குலம் வரை போச்சு, கணுக்கால் எலும்பு வெளியே தெரியும். பாவாடைக்குப் பக்கமடிப்பு வைத்த வெட்டு நல்லது. முழங்காலில் இறுக்கி அடியில் விரியும் மெர்மெய்ட் வெட்டு படத்தில் அழகு, பேருந்துப் படியில் சிறை. வெளிர் நிறத் துணிக்கு உள்ளே வெள்ளை ஷிம்மி (உள்ளாடை) போட்டால் அதன் விளிம்பு கோடாகத் தெரியும். தோல் நிறத்தில் வாங்குங்கள்.

நிறத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம், இது நான்கு உடைக்கும் பொது. சாம்பலும் வான நீலமும் வியர்வையைக் காட்டிக் கொடுக்கும் நிறங்கள். அக்குளில் நனைந்த வட்டம் மற்ற இடத்தைவிடக் கருத்து நிற்கும். கருநீலம், அடர் பச்சை, மெரூன், அல்லது பொடிப்பூ அச்சுப் போட்ட துணியில் அது மறைந்துவிடும். சாட்டினும் பட்டும் காய்ந்த பிறகும் கறை விடும்.

சேலை விஷயத்தில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்றாலே சேலைதான் கண்முன் வரும். அந்த மரியாதை உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் பதினெட்டு வயதுப் பெண் ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்குக் கட்டிய பழக்கத்தோடு தேர்வுக்குக் கட்டினால் பேச்சுக் கேட்கிற காதைவிட மடிப்பைப் பிடிக்கிற கைதான் விழித்திருக்கும். இன்னொரு சிக்கல்: அம்மா விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்விட்டால் குனிந்து கொசுவத்தை இழுத்துச் சரிசெய்ய வீட்டில் ஆள் இருக்காது. யார் துணையுமின்றிப் பதினைந்து நிமிடத்தில் கட்ட முடிந்தால் சேலை கட்டலாம். முடியாவிட்டால் வேண்டாம்.

கட்டுவதென்றால் க்ரேப் அல்லது பருத்தி கலந்த மெல்லிய துணி எடுங்கள். கஞ்சி போட்ட பருத்தி பேருந்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலே மடியில் வரிவரியாக உடையும். உள்பாவாடை சாட்டினாக இருக்கக் கூடாது, கொசுவம் வழுக்கிக்கொண்டே இறங்கும். பருத்தியில் நாடா வைத்தது பிடித்து நிற்கும். போட்டுக்கொண்டு போகும் சப்பாத்தைக் காலில் மாட்டிய பிறகுதான் கட்டத் தொடங்க வேண்டும். வெறுங்காலில் கட்டி, பிறகு ஐந்து சென்டிமீட்டர் குதிகால் சப்பாத்து மாட்டினால் கீழ் விளிம்பு இரண்டு அங்குலம் தூக்கிக்கொள்ளும். கொசுவம் ஐந்து முதல் ஏழு மடிப்பு போதும். ஊக்கைக் கொசுவத்தின் உள்பக்கத்திலிருந்து பாவாடையோடு சேர்த்துக் குத்துங்கள், தலை வெளியே தெரியாது. முந்தானையை நான்கு அங்குல அகலத்தில் மடித்துத் தோளில் குத்தி நிறுத்துங்கள். காற்றில் விட்ட முந்தானை மேசையில் வைத்த சான்றிதழ் கோப்பை இழுத்துக்கொண்டு போகும். ரவிக்கை கை முழங்கை வரை, முதுகு இறக்கம் நான்கு அங்குலத்துக்குள். இன்னொன்று, பொதுக் கழிப்பறைத் தரை பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். சேலையை முழங்கால் வரை மடித்துப் பிடிக்க ஒரு பெரிய கிளிப் கைப்பையில் இருக்கட்டும்.

பஞ்சாபி சூட் இரண்டாம் இடத்துக்குத் தகுதி. நடக்க, ஏற, உட்கார எளிது. மோட்டாரில் இரண்டு பக்கம் கால் போட்டு உட்காரலாம். மேல்சட்டை முழங்காலுக்குக் கீழே நான்கு அங்குலம் இறங்கட்டும். பக்கப் பிளவு இடுப்பு எலும்புக்குக் கீழே தொடங்க வேண்டும், மேலே தொடங்கினால் உட்காரும்போது முன்துண்டு விலகி விழும். நேர்வெட்டுக் காற்சட்டை போதும். லெகிங்ஸ் போட்டால் அது சூட் இல்லை, வீட்டு உடை. துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி முன்னால் வி வடிவில் விடுங்கள். ஒரு ஊக்கு மட்டும் குத்தினால் மறுபக்கம் சரிந்துகொண்டே இருக்கும். மோட்டாரில் போகும்போது துப்பட்டாவைக் கட்டாயம் கழற்றிப் பையில் வையுங்கள். பின்சக்கரம் அதைச் சுற்றி இழுத்தால் கழுத்துக்கே ஆபத்து, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கோட்டைக் கடைசியில் வைக்கிறோம். குளிர்சாதன அறைக்குள் அது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அறை வரும்வரை தூக்கிச் சுமக்க வேண்டும். பாலியெஸ்டர் உள்துணி காற்றை விடாது. உள்ளே நுழையும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். கார் இருக்கிற வீட்டுக்குச் சரி. வாங்கினால் பின்பக்கப் பிளவின் நுனியில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். அது கடைக்கு வரும்வரை துணி கசங்காமலிருக்கப் போட்ட தற்காலிகத் தையல், பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் போட்டு உட்கார்ந்தால் பிளவு இழுபட்டுப் பின்பக்கம் உப்பும். கோட்டின் கைப்பகுதியில் தைத்த துணி முத்திரையையும் அப்படியே வெட்டி எடுங்கள். கீழே கெண்டைக்கால் வரை இறங்கும் பாவாடை, அல்லது நேர்வெட்டுக் காற்சட்டை. உட்காரும்போது கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், எழுந்ததும் போடுங்கள்.

எந்த உடையானாலும் இரண்டு நாள் முன்னதாக முழுதாக உடுத்தி, கை இல்லாத நாற்காலியில் கால்மணி நேரம் உட்காருங்கள். கீழே விழுந்த பேனாவை எடுங்கள், சுவரில் தலைக்கு மேலே எழுதுவது போலக் கையை உயர்த்துங்கள், வீட்டுப் படியில் ஏறி இறங்குங்கள். எங்கே இழுக்கிறது என்று அப்போதே தெரியும், பிரித்துத் தைக்க நேரமும் இருக்கும். தீபாவளி, நோன்புப் பெருநாள் நெருக்கத்தில் தையற்கடையில் கடைசி நேரத் துணி எடுக்க மாட்டார்கள், கையிலிருக்கும் பழைய உடுப்பைச் சரிசெய்வதே மேல்.

அதே ஒத்திகையில் சப்பாத்தையும் போட்டு வெளியே நடந்து பாருங்கள். அக்கா இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் வாங்கிப் பெட்டியில் வைத்த கறுப்புச் சப்பாத்து மேலே புத்தம் புதிதாக மின்னும். ஆனால் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்றால், நம் ஈரக்காற்றில் போடாமல் கிடக்கிற காலத்திலேயே உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்கும். கட்டைவிரலால் அடியை அழுத்திப் பாருங்கள். ரொட்டித்தூள் போல உதிர்ந்தாலோ, பிசுபிசுவென்று ஒட்டினாலோ பசை போட்டு ஒட்டி ஆகாது, பாதி வழியில் அடி கழன்று விழும். பள்ளிக்குப் போட்ட கறுப்புச் சப்பாத்து நல்ல நிலையில் இருந்தால் பாலிஷ் போட்டு அதையே மாட்டுங்கள். செம்மண் சாலையில் ஸ்லிப்பரில் போய், சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, வாசலில் மாற்றிக்கொள்ளலாம்.