துளசி மூட்டை வாங்குகிறவர்கள் கொஞ்சம் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வாலை என்கிற வடிகலத்தில் மூலிகையைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்துத் தீநீர் இறக்குகிறவர்களுக்காக எழுதுகிறேன், அதிலும் என்னைப் போலத் தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் போனிலேயே மூலிகைக்குச் சொல்லிவிடுகிறவர்களுக்கு. 75 கிலோ துளசி, கிலோ 40 ரூபாய், மொத்தப் பணமும் முன்னாலேயே ஜிபே பண்ணியாச்சு.

மூன்று யூரியா சாக்கு வந்தது. வாயை அவிழ்த்துக் கையை விட்டால் இட்லிக் கொப்பரைக்குள் விட்ட மாதிரி சூடு. மழை விட்டதும் ஈரத்தோடு எடுத்து, மிதித்துத் திணித்து, ராத்திரி முழுக்க அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள், நடுவில் இருந்த இலையெல்லாம் கருத்து வழவழவென்று ஆகியிருந்தது. அறுக்கவும் இல்லை, வேரோடு பிடுங்கியிருக்கிறார்கள். ஒட்டியிருந்த மண்ணுக்கும் நான் கிலோ 40 கொடுத்திருக்கிறேன். கதிர் ஒன்றுகூட இல்லை, கட்டைத் தண்டும் அடியிலையும்தான். இது என்னடா என்று கொட்டிக் கிளறினால் உள்ளே ஒரு முழம் வாழைநார். அப்புறம்தான் உறைத்தது, நுனியும் கதிரும் மாலை கட்டப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டது, கழித்துப் போட்டது எனக்கு 'மருந்துத் துளசி'.

துளசியின் எண்ணெய் இலையிலும் கதிரிலும் இருக்கிற பொடிப்பொடிச் சுரப்பிகளில்தான் இருக்கிறது, கட்டைத் தண்டில் பேருக்குத்தான். நசுங்கினால் அந்தச் சுரப்பி உடைந்து வாசம் சாக்கோடு போய்விடும். நன்றாகப் பூத்திருக்கும்போது, வெயில் நாளாகப் பார்த்து, பனி காய்ந்த பிறகு தரையிலிருந்து அரையடி விட்டு அறுக்க வேண்டும். நட்டு 90 நாளில் முதல் அறுப்பு, பிறகு இரண்டு இரண்டரை மாதத்துக்கு ஒரு தடவை. பிடுங்கிவிட்டால் மறுதழைவுக்கு எங்கே போவது? இவ்வளவு பக்குவமாக அறுத்தாலும் 100 கிலோ பச்சைத் தழைக்கு ஒரு கிலோ எண்ணெய் தேறாது.

சரி, பணம் போட்டாச்சே என்று ஒரு ஈடு ஏற்றினேன். அது என் தப்பு, மூலிகை அனுப்பிய ஏஜென்டைச் சொல்ல முடியாது. வழக்கமாக முதல் டம்ளர் இறங்கும்போதே கிராம்பு வாசம் தூக்கும், கிராம்பில் இருக்கும் அதே யூஜினால் என்கிற வாசப் பொருள்தான், மேலே மெல்லிசாக எண்ணெய் மினுங்கும். இந்தத் தடவை கீரை வேகிற வாடை, எண்ணெய் கண்ணிலேயே படவில்லை. பாட்டிலில் அடைத்து வைத்ததில் பன்னிரண்டாம் நாள் வெள்ளையாக நூல் நூலாக மிதந்தது. இரண்டு பாட்டில் ஏற்கெனவே கைமாறிவிட்டது, போய்த் திரும்ப வாங்கி வந்தேன்.

ஏஜென்டிடம் கேட்டால், "துளசின்னா துளசிதானே சார், கொதிக்க வெச்சா எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். பணம் வராதாம், வேண்டுமானால் நொச்சி அனுப்பிக் கழித்துக்கொள்கிறாராம். நொச்சியை எப்படிப் பறிப்பீர்கள் என்று கேட்டேன், அதோடு போனை எடுக்கவில்லை. மிச்சம் இரண்டு சாக்கு எருக்குழியில் கிடக்கிறது.