குவில்ட் டிசைன் வரைய எது தேவலை: நீலப் பேனாவா, சூட்டுப் பேனாவா, குத்திய காகிதமா?

குவில்ட் என்றால் இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை. அதைத் தைக்கும் ஃப்ரீ மோஷன் குவில்டிங்கில், தையல் மெஷினில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு, நம் இஷ்டத்துக்குக் கையாலேயே துணியை ஓட்டுகிறோம். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கின் மேலும் மணிக்கணக்கில் உள்ளங்கை உரசிக்கொண்டே இருக்கும். வரைந்த கோடு அதைத் தாங்க வேண்டும். தைத்து முடித்ததும் சுவடில்லாமல் போகவும் வேண்டும். இரண்டையும் குறையில்லாமல் செய்கிற பொருளை நான் இதுவரை பார்த்ததில்லை.

வெளிர் நிறப் பருத்தி என்றால் என் ஓட்டு தண்ணீரில் அழியும் நீலப் பேனாவுக்கு. அடுக்கு சேர்க்கும் முன்பே டிசைன் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் துணியை வைத்து நிதானமாக வரைந்துவிடலாம். தைப்பது வாரக்கணக்கில் இழுத்தாலும் கோடு பெரும்பாலும் நிற்கும். மே மாதத்தில் ஃபேன் இல்லாத அறையில் உட்கார்ந்தால் மட்டும் வியர்வை சொட்டிய இடமெல்லாம் காணாமல் போகும்!

அழிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். லேசாகத் தண்ணீர் தெளித்தால் நீலம் மறைந்த மாதிரி இருக்கும். ஆனால் மை பஞ்சுக்குள்தான் இறங்கியிருக்கும். காயும்போது மறுபடி மேலே ஏறி வரும். குவில்ட்டை முழுசாகப் பச்சைத்தண்ணீரில் முக்கி அலச வேண்டும். அதுவரை சோப்புத்தூளும் இஸ்திரிப் பெட்டியும் பக்கத்தில் வரக்கூடாது. சூடு பட்டால் கோடு கறையாக நிலைத்துவிடலாம்.

காற்றில் தானே மறையும் ஊதாப் பேனாவும் கடையில் கிடைக்கும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு அது இன்னும் வேகமாக மறையும். காலையில் வரைந்து மத்தியானத்துக்குள் தைத்து முடிக்கிற சின்ன வேலைக்குச் சரி, மற்றதுக்கு வேண்டாம்.

சூட்டில் மறையும் ஃப்ரிக்ஸியான் பேனாவுக்கு ரசிகர்கள் அதிகம். கோடு மெல்லியது, சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் மறைந்துவிடும், தண்ணீரே தேவையில்லை. ஆனால் அது காகிதத்துக்காகச் செய்த பேனா. மை போவதில்லை, நிறம் மட்டும்தான் போகிறது. சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் நிறம் திரும்பத் தொடங்கும். கனடாவில் இருக்கும் பேத்திக்கு ஜனவரியில் பார்சல் அனுப்புகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அடர் நிறத் துணியில் வெளிறிய தடம் விழுவதும் உண்டு.

அடர் நிறத்துக்கு என்ன செய்வது? ஆரி வேலை செய்பவர்களைப் பார்த்தால் போதும். பட்டர் பேப்பரில் டிசைனை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சால் தேய்ப்பார்கள். காகிதத்தைத் தூக்கினால் புள்ளி புள்ளியாகப் பூவும் மாங்காயும் இருக்கும். ஆனால் அங்கே சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. பஞ்சு வைத்த குவில்ட்டில் மண்ணெண்ணெய் வாடை பிடித்தால் போகாது. அதனால் காகிதத்தை மட்டும் கடன் வாங்கி, சாக்பீஸ் பொடியைத் துணியில் முடிந்து ஒற்றிக்கொள்ளலாம். கையால் குத்தப் பொறுமை இல்லையென்றால் நூல் கோக்காத மெஷினைக் கோட்டின் மேல் ஓட்டினால் வேலை முடிந்தது; அடியில் நாலைந்து தாள் வைத்தால் பிரதிகளும் கிடைக்கும்.

பொடி கை பட்டாலே உதிரும். ஆகவே ஒரு கட்டத்துக்குப் போட்டு, தைத்து, அப்புறம் அடுத்த கட்டம். ஒரே பூ இருபது கட்டங்களில் வருகிற குவில்ட்டுக்கு இதை அடிக்க ஆளில்லை. நேர்கோடும் எளிய வளைவும்தான் என்றால் தேய்ந்த வெள்ளைச் சோப்புத் துண்டே போதும்.

துணியில் கோடே வேண்டாம் என்பவர்கள் மெல்லிய காகிதத்தில் வரைந்து, குவில்ட் மேல் குண்டூசியால் பொருத்தி, காகிதத்தோடு சேர்த்தே தைக்கிறார்கள். கறை பயமில்லை. ஆனால் பென்சிலில் வரைந்தால் ஊசி அந்தக் கரியை வெள்ளை நூலில் இழுத்துவிடும். நெருக்கமான டிசைனில் தையலுக்கு நடுவே மாட்டிய துணுக்குகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தையல் தளர்ந்துவிடும். பெரிய, அகலமான டிசைனுக்கு மட்டும் இது லாபம்.

எதை வாங்கினாலும் அதே துணி, அதே பஞ்சில் ஒரு சாண் துண்டு தைத்து, வரைந்து, ஒரு வாரம் விட்டு அலசிப் பாருங்கள். பஞ்சில்லாத வெறும் துணியில் பார்த்தால், பஞ்சிலிருந்து மேலேறி வரும் மை கண்ணில் படாது.