ஆன்சிபிளா, நிக்ஸ்ஓஎஸ்ஸா: அழித்த வரி எங்கே போகிறது?

என் பொறுப்பில் மூன்று சர்வர்கள். நான்கு வருடம் உபுண்டு லினக்ஸும், சர்வர்களை எழுதிவைத்தபடி அமைக்கும் கருவியான ஆன்சிபிளுமாக ஓட்டிவிட்டு, போன வருடம் மூன்றையும் நிக்ஸ்ஓஎஸ்ஸுக்கு (நிக்ஸ் என்ற கருவியின் மேல் கட்டிய லினக்ஸ்) மாற்றினேன். எதை எடுக்கலாம் என்று கேட்டால் நிக்ஸ் பக்கம்தான் பேசுவேன்.

கற்றுக்கொள்ள எது சுலபம் என்றால் ஆன்சிபிள், சந்தேகமே வேண்டாம். யாமல் என்ற எளிய எழுத்து வடிவம் தெரிந்து, சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்ஹெச் வழியும் இருந்தால் ஒரே மாலையில் வேலையைத் தொடங்கிவிடலாம். நிக்ஸுக்கென்று தனியாக ஒரு ஃபங்ஷனல் மொழியே இருக்கிறது. எனக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று. அதன் பிழைச் செய்திகளைப் படித்தால் இன்றும் தலை சுற்றுகிறது.

சரி, அப்புறம் ஏன் மாறினேன்? தேவையில்லாத ஒரு கேஷ் சர்வீஸின் பகுதியை பிளேபுக்கிலிருந்து (ஆன்சிபிளுக்கு நாம் எழுதித் தரும் கோப்பு) அழித்தேன். பிளேபுக் பிழையில்லாமல் ஓடி முடிந்தது. எட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ போர்ட்களைப் பார்த்தால், அந்த சர்வீஸ் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது! இதில் ஆன்சிபிள் மேல் குற்றமில்லை. எழுதியதைச் செய்வதுதான் அதன் வேலை. எழுதாததை அது தொடாது. ஒன்றை நீக்க, 'இது இருக்கக் கூடாது' என்று எழுதி, எல்லா சர்வரிலும் ஓட்டி, அதற்குப் பிறகே வரியை அழிக்க வேண்டும். சர்வரின் இன்றைய நிலை என்பது இதுவரை ஓட்டிய பிளேபுக்குகளும், அவசரத்துக்குக் கையால் செய்த திருத்தங்களும் சேர்ந்து விட்டுப்போன மிச்சம். ஒரே வேரியபிளைப் பத்து இடத்திலிருந்து மாற்றும் புரோகிராமில் வரும் அதே தொல்லை.

நிக்ஸ் இந்த இடத்தில்தான் வேறு வழியில் போகிறது. எல்கோ டோல்ஸ்ட்ரா நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில் பிறந்தது அது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 2006இல் வந்தது. கான்ஃபிகரேஷன் உள்ளீடு, முழு சிஸ்டமும் ஒரு ஃபங்ஷனின் விடை. ஒவ்வொரு பேக்கேஜும் அதன் சோர்ஸ், கம்பைலர், லைப்ரரிகள் ஆகியவற்றிலிருந்து கணக்கிட்ட ஹாஷை (கைரேகை போன்ற ஒரு குறியீடு) பெயரில் தாங்கித் தனி இடத்தில் உட்காரும். எதன் மேலும் எதுவும் எழுதப்படாது. ஒரு சர்வீஸின் வரியை அழித்தால், அது இல்லாத சிஸ்டம் புதிதாகக் கட்டப்படும். அதற்கு மாறும்போதே பழைய சர்வீஸ் நின்றுவிடும். முந்தைய சிஸ்டமும் பக்கத்திலேயே இருப்பதால், அப்டேட் சொதப்பினால் பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பலாம். இரண்டு முறை இது என்னைக் காப்பாற்றியது.

ஆனால் டேட்டாபேஸ் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் பெரிய வெர்ஷன் மாறியபின் சிஸ்டத்தைப் பின்னால் திருப்பினாலும் தரவு தானாகத் திரும்பாது. பேக்கப் இரண்டு பக்கமும் கட்டாயம். பழைய சிஸ்டங்களை அவ்வப்போது துடைக்காவிட்டால் டிஸ்க் நிரம்பும். வெளியிலிருந்து இறக்கிய பைனரிகள் பல நேரடியாக ஓடாது. அவை தேடும் டைனமிக் லிங்க்கர் (ஓடும்போது லைப்ரரிகளை இணைத்துத் தருவது) வழக்கமான இடத்தில் இல்லை. நிக்ஸ்ஓஎஸ் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஆதரவு ஏழு மாதம்தான். உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீடான எல்டிஎஸ்ஸுக்கு ஐந்து வருடம். நிறுவிவிட்டு மறந்துவிட நினைப்பவர் உபுண்டுவிலேயே இருக்கலாம்.

நான் தனியாள், சர்வரும் மூன்றுதான். பத்துப் பேர் கொண்ட குழு நூற்றுக்கணக்கில் நடத்தும் இடத்துக்கு இதே பேச்சை உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ரவுட்டர், ஸ்விட்ச் போன்றவற்றில் நிக்ஸ்ஓஎஸ்ஸை ஏற்ற வழியில்லாததால், அவற்றுக்கான பிளேபுக்கை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.