ஜிம்மா, கடற்கரை நடையா, சைக்கிளா: சமையலறை நேரத்தைத் தின்னாதது எது?

2024 பெப்ரவரியில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை 112 என்று வந்தது. 100 முதல் 125 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை என்கிறார்கள். வயது நாற்பத்தொன்று, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஏற்கெனவே நீரிழிவு உண்டு. வைத்தியர் மாத்திரை எழுதவில்லை. “சாப்பாட்டைக் கவனியுங்கள், உடம்புக்கு அசைவு கொடுங்கள், ஆறு மாதத்தில் வந்து காட்டுங்கள்” என்று மட்டும் சொன்னார். மட்டக்களப்பு நாவற்குடாவில் வீடு, நகரில் முழுநேர வேலை, பாடசாலை போகும் இரண்டு பிள்ளைகள், மாதத்தில் இரண்டு முறை மட்டும் வீட்டுக்கு வரும் கணவர். இதற்குள்தான் அந்த இரண்டையும் செய்தாக வேண்டும்.

அன்றிலிருந்து மூன்று வழிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டேன். மார்ச் முதல் ஜூன் வரை உடற்பயிற்சி நிலையம், ஜூலை முதல் கல்லடிக் கடற்கரையில் விடியற்கால நடை, ஆகஸ்ட் முடிவிலிருந்து இன்றுவரை வேலைக்குச் சைக்கிள். வீட்டுக்குள்ளேயே யூடியூப் பார்த்துச் செய்யும் பயிற்சியும் ஒரு வழிதான். இரவு ஒன்பது மணிக்குப் பாயை விரித்தால் சின்னவன் வந்து முதுகில் ஏறிவிடுவான். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

உடம்புக்குக் கிடைக்கும் பயனை மட்டும் எடைபோட்டால் ஜிம்முக்குத்தான் முதலிடம். அதை மறைக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான அசைவு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. இந்த இரண்டாவது பகுதியை ஜிம் தருவதுபோல் மற்ற இரண்டும் தராது. நான் போன இடத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் இருந்தது, சொல்லித் தருபவரும் பொறுமையானவர். நான்கு மாதத்தில் அரிசி மூடையை இழுத்து வைப்பது இலகுவாகியது. முழங்கால் வலியும் குறைந்தது.

ஆனால் ஆகஸ்டில் இரத்தம் எடுத்தபோது சர்க்கரை 114. இறங்குமென்று நம்பிப் போன எனக்கு அந்தத் தாளைப் பார்க்கவே மனம் வரவில்லை.

காரணம் என்னவென்று யோசித்தபோது ஜூனில் ஒரு சனிக்கிழமை குப்பைப் பையைக் கட்டியது நினைவுக்கு வந்தது. பையின் வாயில் எண்ணெய் படிந்த தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன. கொத்து ரொட்டி சுற்றி வந்த தாள்கள். எண்ணினேன்: ஒன்பது. மூன்று பேருக்கு மூன்று பொதி, வாரத்தில் மூன்று இரவு. ஜிம்முக்குப் போன திங்கள், புதன், வெள்ளி இரவுகள். பயிற்சி ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. போக வர, குளிக்க என்று ஏழேகால் ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் மற்ற நாட்களில் நான் தேங்காய் துருவி, மா குழைத்து, புட்டு அவித்துக்கொண்டிருப்பேன். ஏழேகாலுக்கு வகுப்பு முடிந்து பசியோடு வந்து நிற்கும் பிள்ளைகளிடம் இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுங்கள் என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? கடையில் வாங்கிவிடுவேன். கோதுமை மா ரொட்டியை எண்ணெயில் கொத்தி, மேலே குழம்பு ஊற்றிய அந்தப் பொதியில் உப்பும் எண்ணெயும் எவ்வளவு இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மணித்தியாலம் வியர்த்துவிட்டு அதைத்தான் நானும் சாப்பிட்டேன்.

எங்களைப் போன்றவர்கள் இந்த மூன்றில் எதைத் தெரிவு செய்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். பயிற்சிக்கான நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை; ஏதோ ஒரு வேலையின் கழுத்தைப் பிடித்துத்தான் அதை எடுக்கிறோம். வேலைக்குப் போகும் தாய்க்கு நாளில் இரண்டு சமையல் நேரங்கள் இருக்கின்றன. விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை, மாலை ஐந்தரையிலிருந்து ஏழு. கடையில் வாங்காமல் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட முடிகிறதா என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. ஜிம் மாலையை எடுத்துக்கொண்டது.

நடை காலையை எடுத்துக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்தது நடைதான். அடுத்த வீட்டு அக்காவும் நானும் ஐந்து மணிக்குப் புறப்படுவோம். ஈர மணலில் வெறுங்காலோடு நடந்தால் பாதிக் கவலை கரைந்துவிடும். ஆனால் ஐந்தே முக்காலுக்குத் திரும்பும்போது பாடசாலை வான் வர ஒரு மணித்தியாலம்தான் மிச்சம். இடியப்பம் பிழிய நேரமில்லை. சந்தியில் பாண் கொண்டுவரும் முச்சக்கர வண்டியின் இசை கேட்கும், ஓடிப்போய் வாங்கிவிடுவேன். காலையிலும் பாண், சாப்பாட்டுப் பெட்டியிலும் பாண். ஆறாவது வாரத்தில் மகள் கேட்டாள்: “அம்மா, இனிமேல் இடியப்பமே இல்லையா?” அன்றோடு தினசரி நடையை நிறுத்தினேன்.

சைக்கிள் இந்த இரண்டு நேரங்களையும் தொடவில்லை. கணக்கை அப்படியே தருகிறேன். வீட்டிலிருந்து வேலையிடம் ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர். ஸ்கூட்டரில் பத்து நிமிடம், சைக்கிளில் இருபது நிமிடம். போக வர நாளுக்கு நாற்பது நிமிட மிதி; அதற்காக நான் கூடுதலாகக் கொடுப்பது இருபது நிமிடம். வாரத்துக்கு 200 நிமிட அசைவுக்கு 100 நிமிடச் செலவு. ஜிம்மில் 180 நிமிடப் பயிற்சிக்காகப் பயணம், குளியல் எல்லாம் சேர்த்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் போனது. எனது வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் அளவில் வருகிறது. சமதரையில் அது மிதமான பயிற்சிக் கணக்கில் சேரும். மட்டக்களப்பில் மேடே இல்லை. எங்கள் மேடு கச்சான் காற்றுத்தான். ஜூன், ஜூலையில் அது முகத்தில் அடிக்கும்போது நான்கு கிலோமீற்றர் ஆறாகத் தெரியும்.

இன்னொரு பயனை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஸ்கூட்டரில் போகும்போது பாதையோரம் கீரை விற்பவரைக் கடந்துவிடுவேன். சைக்கிளில் போகும்போது நின்றுவிடுகிறேன். முன்கூடையில் ஒரு கட்டு பொன்னாங்காணியோ வல்லாரையோ இல்லாமல் வீட்டுக்கு வரும் நாள் குறைவு. பின்னேரம் பழைய கல்லடிப் பாலத்தால் வருவேன். 1924இல் திறந்த இரும்புப் பாலம் அது; 2013இல் புதிய பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில் ஓடுவதில்லை. கீழே வாவியில் தோணிகள் நிற்கும். கரையில் மீன் இருந்தால் கீரியோ சூடையோ கொஞ்சம் வாங்கிக்கொள்வேன். ஐந்து மணிக்கு வீடு; ஐந்தரைக்கு அடுப்பு. சிவப்பரிசி மாப் புட்டு, மீன் குழம்பு, முருங்கையிலை வறை. கொத்து இப்போது மாதத்தில் ஒரு நாள், பிள்ளைகளின் ஆசைக்காக.

2025 மார்ச்சில் சர்க்கரை 101. இதில் சைக்கிளின் பங்கு எவ்வளவு, இரவுச் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒருத்தியின் இரத்தத்தை வைத்து எல்லோருக்கும் விதி சொல்வதும் சரியில்லை. உங்களுக்கு ஏற்கெனவே நீரிழிவோ இதய நோயோ இருந்தால் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

குறைகளும் உண்டு. சைக்கிள் கால்களுக்கும் மூச்சுக்கும் நல்லது. கைகளுக்கும் தோளுக்கும் அதிகம் செய்வதில்லை. உடல் எடையை இருக்கை தாங்குவதால் எலும்புக்கு நடையளவு பலன் தராது. நாற்பதைக் கடந்த பெண்களுக்கு இது சின்ன விடயமில்லை. அதனால் ஞாயிறு காலை அக்காவோடு கடற்கரை நடையை மீண்டும் சேர்த்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் புட்டு அவியும் நேரத்தில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி இறக்குகிறேன். ஜிம்முக்கு அது ஈடாகாது.

மாரியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வருட அனுபவம்தான். நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வீதிக்கு வந்த நாட்களில் ஸ்கூட்டரையே எடுத்தேன். சில நாட்கள் அதுவும் முடியவில்லை. மழை விட்டதும் சைக்கிளுக்குத் திரும்புவது கடினமாக இருக்கவில்லை. எப்படியும் வேலைக்குப் போகத்தானே வேண்டும். பிரதான வீதியில் பஸ்கள் வரும் வேகத்துக்கு எனக்கு இன்னும் பயம். பாலம் வரை உள்வீதிகளால்தான் போகிறேன். சல்வார் அணிபவர்கள் துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள்ளுங்கள், சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. வியர்வைக்கு ஒரு துவாயும் மாற்று மேற்சட்டையும் பையில் இருக்கட்டும். ஏறாவூர், களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து நகருக்கு வருபவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது, தூரம் அதிகம்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பக்கத்தில் உப்புக் காற்று இரும்பை விடாது. முதல் மாதம் எண்ணெய் விட்டால் போதும் என்று நினைத்து விட்டுக்கொண்டே இருந்தேன். சைக்கிள் திருத்தும் அண்ணன் செயினில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். கரிய பசையோடு மணல் நறநறத்தது. “தங்கச்சி, துடைக்காமல் எண்ணெய் விட்டால் மணலும் ஒட்டிக்கொண்டு சக்கரப் பல்லையே அரைத்துவிடும். முதலில் பழந்துணியால் துடையுங்கள், பிறகு செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி, பிறகு மிச்சத்தையும் துடையுங்கள்” என்றார். ஞாயிறு நடை முடிந்து வந்ததும் அந்தப் பத்து நிமிட வேலை. சின்னவன் துணி பிடிப்பான். பழைய சைக்கிள் வாங்குபவர்கள் நிறப்பூச்சைப் பார்க்காமல் வண்டியைச் சாய்த்து, மிதி அச்சுக்குக் கீழே சட்டகத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே துரு பொரிந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை. தங்கை கேட்கிறாள். அடுத்த மாரியையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.